கை தட்டுகிறவள்

போனை நான்தான் பிடிக்க வேண்டும். போன் அவளுடையது, படம் அவளுடையது, ஜன்னல் ஓர சீட்டும் அவளுடையது. இயர்போனில் நன்றாகக் கேட்கிற பக்கம்கூட அவள் காதுக்குத்தான் போகும். எனக்கென்று ஒதுக்கிய ஒரே வேலை, கம்பெனி பஸ் போய்ச் சேரும்வரை கை கடுக்க அந்தப் போனை முன் சீட்டின் முதுகில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது.

“உன் போனை நீயே புடிச்சா இன்னாடி கேடு?” என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன்.

“உழுந்துடும்டி. நான் கை தட்டுவேன்ல” என்றாள்.

எனக்கு இடது கைப் பழக்கம் என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும், அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பிடித்தேன்.

இரண்டு பேரும் மணவாள நகரில் பஸ் ஏறுவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்கு வேண்டிய சின்னச் சின்ன சாமான்கள் செய்கிற கம்பெனி. பேக்கிங்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். என் கூத்தைக் கேளுங்கள், நான் பிறந்தது ஆரம்பாக்கம். ரயில் ஏறினால் கும்மிடிப்பூண்டி இரண்டாவது ஸ்டேஷன். அங்கே இருந்தவரை ஒரு கம்பெனியும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கல்யாணம் பண்ணி மணவாள நகருக்கு ஓட்டிவிட்ட பிறகு, பிறந்த ஊர் ஓரத்திலேயே வேலை கிடைத்தது. தினமும் மாமியார் வீட்டிலிருந்து அம்மா வீட்டு வாசல்வரை போய்விட்டு, உள்ளே போகாமல் திரும்புகிற பிழைப்பு. அவளுக்கு ஊர் அனல் மின் நிலையம் இருக்கிற வள்ளூர். எங்கள் அடுத்த தெருவில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். அவளைப் பார்த்து வருஷம் நாலைந்து ஆகிறது. கல்யாணமாகி சூளூர்ப்பேட்டைப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி. பழைய நம்பருக்குப் போட்டால் யாரோ ஒருவர் தெலுங்கில் திட்டுகிறார்.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொம்மைப் படம். வெளிநாட்டுக்காரன் எடுத்தது, தமிழில் பேசும். ஆரஞ்சு நிறத்தில் முழங்கால்வரை ஒரு அங்கி போட்டுக்கொண்டு ஒரு குட்டைப் பெண் வருவாள். அவளுக்கு ஒரே ஒரு சக்தி. எதையும் தூக்கிவிடுவாள். லாரி, வீடு, கப்பல், எதுவானாலும். ஆனால் பறக்க வராது. மற்ற வீரர்கள் எல்லாம் தலைக்கு மேல் சர்சர் என்று பறக்கும்போது இவள் கீழே பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்பாள். கூட ஒரு மூன்று கால் நாய். படத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர். எங்கள் ஆள் அதை மணி என்றுதான் கூப்பிட்டாள்.

சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். அவள் வள்ளூரில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நான் ஆரம்பாக்கத்தில் பார்த்தேன். ஒருநாள் பேக்கிங் மேஜையில் பேச்சுவாக்கில் இது தெரிந்ததும் அவள் டேப் உருட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. பாலத்து சீனில் எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது.

பாலத்து சீன் என்றால், ஆற்றுப் பாலம் நடுவில் உடைந்து தொங்கும். மேலே ரயில் நிற்கும், உள்ளே ஜனங்கள். நம் பெண் கீழே நின்று, பாலத்தை ரயிலோடு சேர்த்து இரண்டு கையாலும் தாங்கிக்கொள்வாள். ஜனங்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் அந்த மூன்று கால் நாய் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். ஓடி வந்து உடைந்த இடத்தைத் தாண்டும். தாண்ட முடியாமல் ஆற்றில் விழும். கையை விட்டால் பாலம் போய்விடும், விடாவிட்டால் நாய் போய்விடும். அவள் விட மாட்டாள். அந்த இடத்தில்தான் எங்கள் ஊரில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது டிவியில் வேறு எதுவோ ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க ஊர்ல கரண்ட் போவலடி. கடசி வரைக்கும் பாத்தேன்” என்றாள் அவள்.

“போவாது. கரண்டு செய்யற ஊருல்ல” என்றேன். எனக்கு உள்ளபடியே வயிற்றெரிச்சல்.

எங்கள் பஸ்ஸுக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு பொருத்தம் இருந்தது. மணவாள நகரில் ஏறி உட்கார்ந்ததும் படத்தைத் தொடங்குவாள். திருவள்ளூர் டவுனில் நம் பெண் வேலைக்குக் கிளம்புவாள். தாமரைப்பாக்கம் கூட்டுரோட்டில் வில்லன் வருவான். பெரியபாளையம் தாண்டி ஆரணியாற்றுப் பாலத்தில் எங்கள் பஸ் ஏறும்போது, படத்திலும் பாலம் உடையும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால், அவள் எழுந்து நின்று டிரைவரிடம் சொல்வாள்.

“அண்ணா, மெதுவா போண்ணா. இன்னும் பாலம் உடையல.”

டிரைவர் அண்ணன் முதலில் பயந்துபோனார். பிறகு அவரே பாலத்துக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்து, “இன்னாம்மா, போலாமா?” என்று கேட்க ஆரம்பித்தார். பைத்தியம் தொற்று வியாதி என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு கவரைப்பேட்டை. அதற்குப் பிறகு கம்பெனி கேட். கேட்டில் போனைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படத்தில் இன்னும் ஒரு அரை மணி நேரம் பாக்கி இருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸே வாயைப் பிளந்துகொண்டு தூங்கும். மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து போடச் சொன்னால் கேட்க மாட்டாள்.

“பாதியிலேருந்து பாத்தா சூடு ஏறாதுடி. மொதல்லேருந்து பாக்கணும்.”

ஆக, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் படம் கேட்டோடு முடிந்துவிடும். ஆரம்பாக்கத்தில் கரண்ட் எடுத்தது, இங்கே வாட்ச்மேன் எடுத்தார். தனியாக என் போனில் பார்த்திருக்கலாம்தான். பார்க்கத் தோன்றவில்லை. செத்துப்போன நாய்க்கு மேல் அந்தப் படத்தில் எனக்கு என்ன இருக்கிறது.

அவளுக்கு அப்படி இல்லை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எத்தனை தடவை பார்த்த படமாக இருந்தாலும், பாலம் வந்தால் அவள் சீட்டின் நுனிக்கு வந்துவிடுவாள். என் முழங்கையைக் கிள்ளுவாள்.

“இந்த வாட்டி தாண்டிடும்டி. பாத்துக்கினே இரு.”

“நேத்தும் தாண்டல, முந்தாநாளும் தாண்டல. இன்னைக்கு மட்டும் எப்படிடி தாண்டும்? படத்தை ராத்திரில யாரனா மாத்தி எடுத்தானா?”

“ஓட்டத்தைப் பாரு, இன்னைக்கு கொஞ்சம் வேகமா ஓடுது.”

நாய் ஓடிவந்து எகிறும். அந்தரத்தில் இருக்கும்போதே இவள் கை தட்டிவிடுவாள். படார் படார் என்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். நாய் விழும். அவள் முகம் சுருங்கிப்போகும். கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கவரைப்பேட்டை வருவதற்குள் தேறி, “நாளைக்குப் பாரேன்” என்பாள். செத்துப்போன நாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் கிள்ளும்போது எனக்கும் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்ளும். மானக்கேடாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அந்தக் கை எல்லாவற்றுக்கும் தட்டும். கேன்டீனில் கேசரி வந்தால் தட்டும். மழை தொடங்கினால் தட்டும். மழை நின்றாலும் தட்டும். என் நாத்தனார் கல்யாணத்தில் வாசலில் நிற்க ஆள் வேண்டும் என்று அவள் கையில் சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டைக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது என் புத்தி. எங்கள் கம்பெனிப் பெண்கள் வேனில் வந்து இறங்கியதைப் பார்த்தாளோ இல்லையோ, இரண்டு கையையும் விட்டுவிட்டாள். மண்டபம் பூராவும் கல்கண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை மிதித்து வழுக்கப் பார்த்தார். என் மாமியார் இன்றைக்கும் அவளை அந்தத் தட்டுக்காரி என்றுதான் சொல்வார்.

“உங்க ஊட்ல இத்தெல்லாம் கேக்கவே மாட்டாங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க ஊட்ல தட்ட வுட மாட்டாங்கடி. நல்லது நடந்தா கண்ணு பட்டுடும்னு எல்லாரும் கம்முனு இருப்பாங்க. நான் பத்தாவது பாஸானப்போ எங்க நைனா கதவை சாத்திட்டுதான் சிரிச்சாரு. அதான், வெளிய வந்து தட்டிக்கினு இருக்கேன்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆசை வந்தது. முன்னால் இரண்டு இரும்புக் கை நீட்டிக்கொண்டு இருக்குமே, சரக்கு அடுக்கிய பலகையைத் தூக்கி ரேக்கில் வைக்கிற மஞ்சள் வண்டி, அதுதான். பெண்களுக்கும் அந்த வேலை தருவதாகக் கம்பெனியில் அறிவித்தார்கள். பழக்கிவிடுவார்கள், பரீட்சை வைப்பார்கள், பாஸானால் கம்பெனி ஆளாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒருத்திக்கு மூன்று வாய்ப்பு. அதே சமயம் பேக்கிங்குக்கு மெஷின் வருகிறது, காண்ட்ராக்டில் இருப்பவர்களில் பாதிப் பேரை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சும் உறுதியாகிவிட்டது. நான் பழைய ஆள், தப்பித்தேன். அவள் பெயர் போகிற பக்கத்தில் இருந்தது. போனால் வள்ளூர். வள்ளூரில் மாப்பிள்ளை ஒருவன் தயாராக இருந்தான்.

“மாப்பிள்ளை எப்படிடி?”

“நல்லவன்தான் பாவம். நான் அவனைக் கட்ட மாட்டேன்னு சொல்லல. அந்த வண்டியை ஓட்டாம கட்ட மாட்டேன்னு சொல்றேன்.”

ஓட்டுவதில் அவள் கெட்டிக்காரி. அதில் சந்தேகமே இல்லை. பழக்கிவிட வந்த சேஃப்டி சாரே ஒத்துக்கொண்டார். ஒல்லியாக, எந்நேரமும் ஹெல்மெட்டோடு இருக்கிற மனிதர். வீட்டிலும் கழற்ற மாட்டார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் முதல் நாளே சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். “ஒரு கை ஸ்டியரிங், ஒரு கை லிவர். லோடு மேல இருக்கற வரைக்கும் கை எங்கயும் போவக் கூடாதும்மா.”

முதல் பரீட்சையன்று சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எல்லோரும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். வண்டியை வளைத்து எடுத்தாள், பலகையைத் தூக்கினாள், திருப்பத்தில் ஹாரன் அடித்தாள், ரேக்கின் மேல் தட்டுக்கு நேராக ஏற்றினாள். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. பலகை தட்டின்மேல் தொட்டதும், இரும்புக் கை இன்னும் மேலேயே இருக்க, இவள் இரண்டு கையையும் எடுத்துத் தட்டினாள். அவளுக்கு அவளே தட்டிக்கொண்டாள். சேஃப்டி சார் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஃபெயில்.

அன்றைக்கு மாலை பஸ்ஸில் அவள் ஒரு வேண்டுதல் வைத்தாள்.

“நான் பாஸாயிட்டன்னா உனக்கு கடசி வரைக்கும் படத்தைப் போட்டுக் காட்டறேன்டி. நேர்ந்துக்கினேன்.”

“பெரியபாளையம் வழியா போய்க்கினு, அம்மனுக்கு வேப்பிலை சேலை கட்டறேன்னு நேர்ந்துக்குவாங்க பாத்திருக்கேன். பொம்மைப் படம் காட்டறேன்னு நேர்ந்துக்கினவ நீ ஒருத்திதான்டி” என்றேன்.

இரண்டாவது பரீட்சை அதைவிடக் கூத்து. அவள் வண்டியைக்கூட நகர்த்தவில்லை. இன்ஜினைப் போட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு தன் முறைக்காகத் தொடங்குகிற இடத்தில் காத்திருந்தாள். முன்னால் இன்னொரு வண்டியில் போன பெண் பொன்னேரிக்காரி, ரொம்பப் பயந்தவள். அவள் நடுங்கி நடுங்கி ஓட்டி, ஒருவழியாக நிறுத்திச் சாவியை எடுத்தாள். பாஸ் என்றார் சேஃப்டி சார். எங்கள் ஆள் அவளுக்குக் கை தட்டினாள். தூக்கின பலகை முன்னால் நிற்க, இன்ஜின் ஓட, இரண்டு கையாலும் தட்டினாள்.

“ஏம்மா, உனக்கு இது ரெண்டாவது வாய்ப்புன்னு நெனப்பு இருக்கா?” என்றார் சேஃப்டி சார். கோபத்தைவிட அவருக்கு அழுகைதான் அதிகமாக வந்த மாதிரி இருந்தது.

“அந்தப் பொண்ணு எப்படிப் பயந்துச்சு பாத்தீங்களா சார். அதுவே பாஸாயிடுச்சு” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மணவாள நகரில் இறங்கும்போது பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

“உனக்கு வள்ளூருக்குப் போவணும்னே ஆசையாடி? யாரோ பாஸானா உனக்கு இன்னாடி வந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுடி, அதான்” என்றாள். பிறகு, தெருமுனையில் நின்று மெதுவாகச் சொன்னாள். “எனக்கும் பயமாத்தான் கீது. ஆனா இந்த வாட்டி பாரேன்.”

அந்த ‘இந்த வாட்டி’யைக் கேட்டதும் எனக்கு ஆற்றில் விழுகிற நாய்தான் ஞாபகம் வந்தது.

மறுநாளே நான் ஒரு முடிவோடு பஸ் ஏறினேன். போனை அவள் கையில் கொடுத்தேன்.

“இனிமே நீயே புடி. ரெண்டு கையாலயும் புடி. மணி எகிறும்போது கையை எடுக்காம இருந்து பழகு. இங்க முடிஞ்சா அங்கயும் முடியும்.”

அன்றைக்குப் பாலத்தில் போன் விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. உறையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, என் பழைய துப்பட்டாவால் அவள் மடியோடு கட்டிவிட்டேன். விழவில்லை, ஆனால் கை தட்டியது. விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. பின் சீட்டுப் பெண்கள் எல்லாம் பாலம் வந்தால் எழுந்து நிற்பார்கள். “வுடாத, வுடாத, புடிச்சுக்கோ” என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். டிரைவர் அண்ணன் பாலத்தில் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டுவார். அந்த நாட்களில் அந்த பஸ்ஸில் யாரும் தூங்கியதாக எனக்கு நினைவில்லை. கம்பெனிக்குப் போகிற மாதிரியே இருக்காது. ஏதோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருக்கும்.

ஆனால் ஒருநாள்கூட அவளால் முடியவில்லை. அதுதான் உண்மை. மூன்றாவது பரீட்சையன்று காலையிலும் நாய் எகிறியது, கை தட்டியது, துப்பட்டா முடிச்சு அவிழ்ந்து போன் எகிறி டிரைவர் சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. டிரைவர் அண்ணன் பாலம் தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று.

இவள் மட்டும் போனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “இன்னைக்கு கொஞ்சம் லேட்டாத்தான் தட்டுனேன். கவனிச்சியா?”

சாப்பாட்டு மணி அடித்தது. மஞ்சள் கோட்டுக்கு வெளியே இடமில்லை. பேக்கிங், ஸ்டோர், கேன்டீன்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். பொன்னேரிப் பெண் முன் வரிசையில் நின்று உள்ளங்கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆள் வண்டியில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன். வேறு என்ன செய்ய.

வண்டி நகர்ந்தது. வளைத்தாள். தூக்கினாள். திருப்பம், ஹாரன். ரேக்குக்கு முன்னால் நிறுத்தி மேலே ஏற்ற ஆரம்பித்தாள். இரும்புக் கை நிதானமாக ஏறியது. பலகை தட்டுக்கு நேராக வந்தது, முன்னால் நகர்ந்தது, தொட்டது. சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. அத்தனை அழகாக யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

அப்போது அவள் வலது கை லிவரிலிருந்து மெல்லக் கிளம்பியது. சுண்டுவிரல் எழுந்தது. மோதிர விரல் எழுந்தது. பக்கத்தில் இருந்தவள் யார் என்றுகூடப் பார்க்காமல் அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

அந்த விரல்கள் திரும்ப லிவரில் உட்கார்ந்தன. அதே நொடியில் ஹாரன் கேட்டது.

ஒரு சின்ன ஹாரன் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையின் கட்டைவிரலால் ஹாரன் பட்டனை அழுத்திவிட்டாள், எடுக்கவே இல்லை. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. ஆபீஸ் ரூமிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவள் இரண்டு கையும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, முகம் பூராவும் சிரிப்பாக, அழுத்திக்கொண்டே இரும்புக் கையைப் பின்னால் எடுத்தாள், கீழே இறக்கினாள், தரையைத் தொட வைத்தாள். கை பிரேக்கைப் போட்டுச் சாவியைத் திருகியதும் ஹாரன் நின்றது.

அத்தனை பேரும் சேஃப்டி சாரைப் பார்த்தோம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“எதுக்கும்மா ஹாரன்?”

“கை போவக் கூடாதுன்னு சொன்னீங்க சார். போவல. கட்டவெரல்தான் சார்.”

“ஹாரன் அடிக்காம போனா ஃபெயில் பண்ணியிருக்கேன். அதிகமா அடிச்சதுக்கு இதுவரைக்கும் யாரையும் ஃபெயில் பண்ணதில்ல” என்றார். அப்புறம், “எறங்கும்மா. பாஸ்” என்றார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. எல்லோரும் கத்தினார்கள். பொன்னேரிப் பெண் அழுதாள். எங்கள் ஆள் வண்டியை விட்டு இறங்கி, மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து, ஆசை தீர இரண்டு கையாலும் தட்டினாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கிள்ளியது ஸ்டோர் மேடத்தின் கை. அந்த அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மாலை பஸ்ஸில் ஏறியதும் போனை என்னிடம் நீட்டினாள். “வேண்டுதல் வேண்டுதல்தான். இன்னைக்கு மட்டும் பாதியிலேருந்து.” பாலத்து சீனிலிருந்து ஆரம்பித்தாள். பஸ் கும்மிடிப்பூண்டியைக்கூடத் தாண்டவில்லை. ஆற்றையும் காணோம் பாலத்தையும் காணோம். நாய் ஓடி வந்து எகிறியது. விழுந்தது. அவள் அன்றைக்கும் கிள்ளினாள்.

பழகிய இடங்கள் எல்லாம் போயின. பெரியபாளையத்தை நெருங்கும்போது, நான் அதுவரை பார்க்காத படம் தொடங்கியது. காலையில் கேட் வந்துவிடுகிற இடத்துக்கு அப்பால். வில்லன் அணையை உடைத்துவிடுவான். நம் பெண் அணையின் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நிற்பாள். தண்ணீர் கழுத்துவரை வரும். அதுவரை எதற்கும் சோராத அந்தக் கைகள் வழுக்க ஆரம்பிக்கும். பறக்கிறவர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. கதவை இழுத்துக் கட்டுகிற சங்கிலியின் நுனி, அவள் கைக்கு எட்டாத தூரத்தில் தண்ணீரில் மிதக்கும். எனக்குக் கை வியர்த்துப் போனில் வழுக்கியது. இறுக்கிப் பிடித்தேன்.

சங்கிலியின் நுனி அசைந்தது. அசைந்து, அவளை நோக்கி வந்தது. தண்ணீரிலிருந்து முதலில் இரண்டு காது தெரிந்தது. பிறகு சங்கிலியைக் கவ்விய வாய். சொட்டச் சொட்ட நனைந்து, மூன்று காலால் நீந்திக்கொண்டு, மணி.

ஆரம்பாக்கத்தில் கரண்ட் போன நாளிலிருந்து நான் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த நாய். இத்தனை நாளும் காலையில் நான் செத்துவிட்டது என்று இவளிடம் வாதாடிய நாய். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. படார் படார் என்று சத்தம் கேட்டது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். போன் எங்கேயோ விழுந்து, அதிலிருந்து பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கையை வுட்டுட்ட” என்றாள். “நீ ஃபெயிலுடி.”